மிக மிக அவசரம்!

இந்த இதழ்க் கேள்விகள் முழுக்க ஆசிரியர்களைப் பற்றியவை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர் இல்லை. பெயர் எழுதியவர்களும் அதன் கீழே இரண்டு கோடு போட்டு 'வெளியிட வேண்டாம்' என்று கேட்டிருந்தார்கள். ஆகவே இங்கே யார் பெயரும் கிடையாது, வேலையும் ஊரும் மட்டும். பதில் சொல்லும் நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மெமோ கொடுக்க ஆளில்லாத வயசு. வாய் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஆசிரியர் வேலையில் அப்படி என்ன சார் டென்ஷன்? ஒன்பதரைக்குப் போய் நாலரைக்கு வீடு. மே மாதம் முழுக்க லீவு. மாசம் பிறந்தால் டாண் என்று சம்பளம்!
ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

ப: உங்கள் கடையை நாளைக்கு இப்படி நடத்திப் பாருங்கள். காலையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். ஒருவரும் துணி வாங்க வரவில்லை. வீட்டில் அனுப்பினார்கள், வந்துவிட்டார்கள். ராத்திரி அப்பா குடித்துவிட்டுப் போட்ட சண்டையில் தூங்காமல் வந்தவர்கள் நாலைந்து பேர். ஒருவன் இன்னொருவனைக் கிள்ளுவான். எட்டுப் பேருக்கு ஒரே சமயத்தில் ஒன்றுக்கு வரும். யாரையும் வெளியே போ என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. கடையில் இருக்க வேண்டிய நான்கு ஆட்களில் இரண்டு இடம் காலி, மூன்றாமவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். இதற்கு நடுவில் யாருக்கு எந்த அளவுச் சட்டை பொருந்தியது என்று போனில் ஏற்ற வேண்டும். மாலையில் ஓர் அதிகாரி வந்து, எல்லாருக்கும் ஏன் ஒரே அளவு பொருந்தவில்லை என்று உங்களிடம் விளக்கம் கேட்பார். ஒரு வாரம் நடத்திவிட்டு எழுதுங்கள். மே மாத லீவைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

கே: ஈராசிரியர் பள்ளி. இன்னொரு டீச்சர் வராத நாளில் 47 பிள்ளைகளுக்கும் நான் ஒருத்திதான். வீட்டுக்குப் போனால் சொந்தப் பிள்ளை 'அம்மா' என்று கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. முன்பெல்லாம் நான் இப்படி இல்லை சார். கெட்டவளாகிவிட்டேனா?
இடைநிலை ஆசிரியை, அரூர் பக்கம்

ப: உங்கள் கடிதத்தில் ஒரு நாளை எழுதியிருக்கிறீர்கள். வாசகர்களுக்காக அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஹால். நடுவில் பீரோவைக் குறுக்கே தள்ளி இரண்டு வகுப்பறை ஆக்கியது. பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒன்று முதல் மூன்று, அந்தப் பக்கம் நான்கும் ஐந்தும். அந்தப் பக்கம் வகுத்தல் கணக்கை எழுதிப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்து அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மண் அள்ளிப் போட்டுக் கூட்டி, பிள்ளையைக் கழுவி, அதன் அம்மாவுக்குப் போன் போட்டால் அவர் நூறு நாள் வேலையில் இருக்கிறார். போனை வைப்பதற்குள் வட்டார வள மையத்திலிருந்து அழைப்பு: "டீச்சர், அந்தப் படிவம் இன்னும் வரலையே?" பீரோவுக்கு அந்தப் பக்கம் ஸ்லேட் உடைகிற சத்தம். நீங்கள் கத்தினீர்கள். யார் பெயரைச் சொல்லிக் கத்தினோம் என்று உங்களுக்கே நினைவில்லை. மணி அப்போது பதினொன்று இருபது.

இப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே போகிறவர் இருந்தால் அவரைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். அந்த இருவருக்கும் காய்ச்சல் வராது, பயிற்சி வராது, மாமனார் சாக மாட்டார் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. நாட்டில் ஒரே ஆசிரியரை வைத்து நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று மத்திய அரசின் யூடைஸ் கணக்கு சொல்கிறது. உங்கள் பள்ளி அந்தக் கணக்கில் வராது. ஏட்டில் நீங்கள் இரண்டு பேர் அல்லவா!

2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது உங்களைப் போன்றவர்களின் நிலையையும் அதில் எழுதியது. உடம்பும் மனமும் வற்றிப்போவது, செய்கிற வேலையோடு ஒட்டுதல் விட்டுப்போவது, 'நாம் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றுவது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்குக் காரணம், வேலையிடத்தில் நெடுநாள் கவனிக்கப்படாமல் விட்ட அழுத்தம் என்கிறது. அதை நோய் என்ற கணக்கில் வைக்காமல், தொழிலால் வரும் நிலை என்றே வைத்திருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியது உங்களை இல்லை, டீச்சர்.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது? தனியாக இருக்கிற நாளில் கால அட்டவணையை மடித்து வையுங்கள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டட்டும். இரண்டு பேருக்குமே அதில் படிப்பு இருக்கிறது. தொண்டையைக் காப்பாற்றுங்கள், ஒரு கைமணி வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, அன்றைய தேதி போட்டு 'இன்று ஒரே ஆசிரியர், வருகை 47' என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த வரிகளைக் கூட்டி, மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பக் கோரி வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னால் புலம்பல். காகிதத்தில் கொடுத்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

கே: கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு ஏற்ற எங்கள் மலையில் சிக்னல் இல்லை. ஏற்றாவிட்டால் காரணம் கேட்கிறார்கள். என்ன செய்ய?
ஆசிரியர், கல்வராயன்மலை

ப: எனக்குத் தெரிந்த ஒரு மலைப்பள்ளியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால் இரண்டு கோடு வரும். தலைமையாசிரியர் தினமும் காலையில் அதன் மேல் கிழக்குப் பார்த்துக் கையைத் தூக்கி நிற்பார். ஊர்க்காரர்கள் அவரை ரொம்ப நாள் சூரிய நமஸ்காரம் செய்கிறவர் என்று நினைத்து மரியாதை கொடுத்தார்கள். நீங்களும் தொட்டி தேடுங்கள், மரியாதையாவது மிஞ்சும்.

கே: எங்கள் வட்டாரத்தில் ஆசிரியர்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி நடத்தினோம். மூச்சுப் பயிற்சி, யோகா, ஊக்கப் பேச்சாளர் எல்லாம் ஏற்பாடு செய்தோம். வந்தவர்கள் முகத்தில் மலர்ச்சியே இல்லை. எதைச் செய்தாலும் குறை சொல்கிறார்களே?
கல்வித் துறை அலுவலர், மாவட்டம் வேண்டாம்

ப: பயிற்சியை எந்தக் கிழமை வைத்தீர்கள்? சனிக்கிழமைதானே? அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் 'பயிற்சிப் புகைப்படம் அனுப்பாத பள்ளிகள், மிக மிக அவசரம், தனிக் கவனம்' என்று போட்டீர்களா? போட்டிருப்பீர்கள்.

மூச்சுப் பயிற்சியில் எனக்குச் சண்டை இல்லை, நானும் செய்கிறேன். ஆனால் அழுத்துகிற கையை எடுக்காமல் அழுத்தத்தைத் தாங்கக் கற்றுக்கொடுத்தால், வந்தவர்களுக்கு அது இன்னொரு வேலையாகத்தான் படும். காசு செலவில்லாத சில காரியங்கள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. ஒரே விவரத்தை எமிஸிலும் ஏற்றி, எக்செல்லிலும் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போட்டு, காகிதத்திலும் கொடுக்கச் சொல்வதை நிறுத்துங்கள். மூன்று வழியை அடைத்தால் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தினம் அரை மணியாவது திரும்பக் கிடைக்கும். ஈராசிரியர் பள்ளியின் இருவரையும் ஒரே நாளில் பயிற்சிக்கு அழைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் குழுவில் செய்தி போடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வருகிற 'அவசரம்' காலை பத்து மணி வரை யாருக்கும் பயன்படாது, தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர. பள்ளி ஆய்வுக்குப் போனால் முதல் ஐந்து நிமிஷம் பதிவேட்டைத் தொடாமல் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்றாகப் படித்தால் அந்த டீச்சரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் மலர்ச்சி அங்கே இருக்கிறது.

கே: சாட்டை, ராட்சசி மாதிரிப் படங்களில் ஓர் ஆசிரியர் வந்து பள்ளியையே தலைகீழாக மாற்றிவிடுகிறார். நிஜத்தில் ஏன் அப்படி ஆசிரியர்கள் இல்லை?
கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: 2012-ல் சமுத்திரக்கனியும் 2019-ல் ஜோதிகாவும் செய்ததை நானும் கைதட்டித்தான் பார்த்தேன். அவர்களுக்கு இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அடுத்த ஜூனில் அதே பள்ளிக்கு வந்து, பி.எல்.ஓ. என்கிற வாக்காளர் பட்டியல் வேலை பார்த்து, விலையில்லாப் பாடப்புத்தகம் இறக்கி, தேர்ச்சி விழுக்காடு குறைந்ததற்கு விளக்கம் எழுதுகிற இரண்டாம் பாகத்தை யாரும் எடுக்கவில்லை. இந்தப் படங்களில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கதாநாயக ஆசிரியர் உயர வேண்டுமென்பதற்காக மற்ற ஆசிரியர்கள் அத்தனை பேரையும் சோம்பேறி ஆக்கிவிடுகிறார்கள். பெற்றோர் படம் பார்த்துவிட்டு மறுநாள் பள்ளிக்கு வந்து, அந்தக் கண்ணோடே நம்மைப் பார்க்கிறார்கள்.

கே: ராமநாதபுரம் மாவட்டத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளியில் ஆசிரியைகளுக்கென்று கழிப்பறை கிடையாது. காலையில் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் வீடு வரும் வரை தண்ணீரே குடிப்பதில்லை. இதையெல்லாம் மனநலக் கேள்வியாக எழுதலாமா என்று தெரியவில்லை.
பட்டதாரி ஆசிரியை

ப: வந்த கடிதங்களிலேயே முதல் தரமான மனநலக் கேள்வி இதுதான். நாள் முழுக்கத் தாகத்தோடும் அடக்கிக்கொண்டும் நிற்கிறவருக்குத் தலைவலி வரும், எரிச்சல் வரும், நீர்க்கடுப்பு வரும். மாதவிலக்கு நாளில் என்ன பாடு என்று ஆண்களாகிய நாங்கள் கேட்டதுகூட இல்லை. அன்றைக்கு அவர் பிள்ளைகள் மேல் பாய்ந்தால் 'அந்த டீச்சர் ஒரு மாதிரி' என்று பட்டம் மட்டும் கொடுத்துவிடுவோம்.

ஒரு சங்கதி கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளியில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆசிரியருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. சட்டம் எழுதியவர்கள் ஆசிரியரைக் கண்ணுக்குத் தெரியாத தெய்வம் என்று நிஜமாகவே நம்பிவிட்டார்கள் போல!

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அதிலும் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். அவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். காட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. தீர்மானம் போட்டு ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள். தீர்மானத்தில் 'கழிப்பறை கட்டித் தர' என்று மட்டும் எழுதாமல் 'தண்ணீர்க் குழாயும் உள்தாழ்ப்பாளும் அன்றாடம் கழுவ ஆளும்' என்றும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் திறப்பு விழாவுக்கு மறுநாளே பூட்டு தொங்கும்.

கே: எங்கள் கணக்கு டீச்சர் போன வருஷம் நிறையச் சிரிப்பார்கள். இப்போது சிரிப்பதே இல்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும் தாத்தா?
எட்டாம் வகுப்பு மாணவி, கடலூர் மாவட்டம்

ப: அம்மாடி, பெரியவர்களைச் சிரிக்க வைப்பது உன் வேலை இல்லை, முதலில் அதை மனசில் வை. ஆனால் நீ கவனித்திருக்கிறாய் பார், அது பெரிய விஷயம். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் போய், "டீச்சர், நேத்து நீங்க நடத்தின கணக்கு எனக்கு நல்லாப் புரிஞ்சுது" என்று சொல். புரிந்திருந்தால் மட்டும் சொல். புரியாமல் சொன்னால் பரீட்சையில் மாட்டிக்கொள்வாய்.

கே: பி.எல்.ஓ. வேலை கொடுத்து வீடு வீடாக அலைய விட்டார்கள். வகுப்பும் போச்சு, தூக்கமும் போச்சு. சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?
ஆசிரியர், திருவள்ளூர்

ப: பாதி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தேர்தல் என்று கதவு திறந்திருப்பதால் அதன் வழியாகத்தான் எல்லாம் நுழைகிறது. ஆனால் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாக்காளர் பட்டியல் வேலையை ஆசிரியர்களுக்கு விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நேரத்திலும்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்து பி.எல்.ஓ.க்கள் திணறியபோதும், கூடுதல் ஆட்களைக் கொடுத்துச் சுமையைக் குறையுங்கள் என்று அதே நீதிமன்றம் மாநிலங்களிடம் சொன்னது. இரண்டையும் மேற்கோள் காட்டி மனுக் கொடுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், குறுவள மையத்தில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். தனி மனு தொலைந்து போகும்; இருபது கையெழுத்து உள்ள மனு மேசையை விட்டு நகராது.

கே: மகன் நீட்டுக்குப் படிக்கிறான், நான் டெட்டுக்குப் படிக்கிறேன். 24 வருஷ சர்வீஸுக்குப் பிறகு 'நீ தகுதியானவளா?' என்று கேட்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை.
இடைநிலை ஆசிரியை, நாமக்கல்

ப: 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்த இரண்டு மணி விழிப்பு மாநிலம் முழுக்க இருக்கிறது. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தமிழக அரசும் மறுஆய்வு மனு போட்டது.

பரீட்சையைவிட அவமானம்தான் உங்களைத் தூங்க விடவில்லை என்று நினைக்கிறேன். உங்களிடம் படித்தவனே தேர்வு மையத்தில் கண்காணிப்பாளராக நிற்பானோ என்ற பயமும் இருக்கும். நிற்கட்டும், அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது யார்? முதல் தாளில் 150 கேள்வி. அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். உங்கள் 24 வருஷம் முழுக்க அந்த முப்பதில் இருக்கிறது. மீதியைத் தனியாக உட்கார்ந்து படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இதே பாடுபடுகிற நாலு டீச்சர் சேர்ந்து வாரம் ஒரு நாள் உட்காருங்கள். பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் புலம்பல், இரண்டும் தேவை. பழைய வினாத்தாளை மகன் திருத்தட்டும். இத்தனை வருஷம் நீங்கள் அவனைத் திருத்தியதற்கு அவனுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டாமா?

கே: தையல் கற்றுக்கொடுக்கும் பகுதிநேர ஆசிரியை நான். மே மாதம் சம்பளம் இல்லாததால் அந்த மாதம் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. இதற்கு மாத்திரை உண்டா?
விருதுநகர் மாவட்டம்

ப: உண்டு, பன்னிரண்டாவது மாதச் சம்பளம் என்று பெயர். அரசு மருந்துக் கடையில் இருப்பில் இல்லை. 2012-ல் வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று எடுத்தார்கள். பிறகு 7,000, 7,700, 10,000, 12,500 என்று ஏறியபோதெல்லாம் மே மாதத்தில் வயிறு லீவு எடுக்காது என்பது கோப்பில் ஏறவில்லை. அம்மா, உங்கள் படபடப்புக்குக் காரணம் உங்கள் நெஞ்சில் இல்லை. 'தைரியமாக இருங்கள்' என்று யாராவது சொன்னால், கடன் கொடுங்கள், மே மாதம் தைரியமாக இருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

கே: மாணவர்களை அடித்தால் கேஸ், அடிக்காவிட்டால் தலைமேல் ஏறுகிறார்கள். எங்களுக்கு மட்டும் கோபம் வரக் கூடாதா?
உடற்கல்வி ஆசிரியர், வேலூர்

ப: வரலாம். கை ஓங்கத்தான் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, அடியையும் மனசைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. உங்கள் அழுத்தத்துக்கு ஆயிரம் நியாயம் இருக்கும். அதற்கு வடிகால் முதுகைக் காட்டி நிற்கிற பன்னிரண்டு வயசுப் பையன் இல்லை. அதே சமயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரம்பைப் பிடுங்கிக்கொண்ட அரசாங்கம் அதற்குப் பதிலாக ஒன்றும் தரவில்லை. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற ஒன்பதாம் வகுப்பில் போதையோடு வருகிறவனை என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை, பேசிப் பார்க்க ஓர் ஆலோசகரும் இல்லை. இதை நீங்கள் கோபமாகக் கேட்கலாம். கேட்க வேண்டிய இடம் வகுப்பறை இல்லை, அவ்வளவுதான்.

கே: தலைமையாசிரியர்களுக்கும் மனம் என்று ஒன்று உண்டா சார்? யாரும் கேட்பதே இல்லை.
தலைமையாசிரியர், ஊத்தங்கரை

ப: உண்டு, 'கூடுதல் பொறுப்பு' என்ற பெயரில். தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாகத் தலைமையாசிரியர் என்பது சட்டம். அதற்குக் கீழே உள்ள பள்ளிகளில் நாம் வகுப்பும் எடுக்க வேண்டும், வங்கிக்கும் போக வேண்டும், முட்டைக் கணக்கும் பார்க்க வேண்டும். மேலே இருந்து வருவதை அப்படியே கீழே தள்ளிவிட்டால் நம் சுமை குறையும் என்று தோன்றும்; பல பள்ளிகளில் ஆசிரியர்கள் அழுவது இதனால்தான். தள்ளாமல் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிற தலைமையாசிரியர் இருக்கிற பள்ளியில் கூரை ஒழுகினாலும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, நான் பார்த்திருக்கிறேன். சி.எல். என்கிற தற்செயல் விடுப்பு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள். கேட்டு வருகிறவரிடம் 'ஏன், எதற்கு, கட்டாயமா?' என்று விசாரணை நடத்தாமல் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் சி.எல்.லையும் எடுங்கள். எடுக்காமல் வைத்திருந்து டிசம்பர் கடைசியில் பெருமைப்படுகிறவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

கே: ஆங்கிலப் பள்ளி ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை. வெளியே சொல்ல வெட்கப்படும் சம்பளம். அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க மே மாதம் தெருத் தெருவாக அலைய வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விட்டுப் போகவும் பயம், இருக்கவும் முடியவில்லை.
திருப்பூர் மாவட்டம்

ப: தங்கச்சி, சான்றிதழ் உங்கள் சொத்து. அடகுக் கடையில் வைத்த நகையாக அதை வைத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்குப் போட்டு, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. ஐந்து வருஷம் முடித்தவர்களுக்கு அந்த உரிமை வந்துவிடுகிறது, உங்களுக்கு ஒன்பது. பயத்தோடு வெளியேறுவதற்கும் கணக்கோடு வெளியேறுவதற்கும் ராத்திரித் தூக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

கே: நாலு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. பஸ்ஸில் ஏறினாலே அழுகை வருகிறது. சில நாள் 'இப்படியே போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று தோன்றுகிறது. மனநல மருத்துவரிடம் போனால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பார்கள். பணிப்பதிவேட்டில் ஏறிவிடுமோ?
பெயரும் ஊரும் எழுதவில்லை

ப: இதற்கு நான் வேடிக்கையாகப் பதில் சொல்லப் போவதில்லை. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசு மனநலச் சேவை, தமிழில் பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று எனக்கு எழுதியதை அவர்களிடமும் அப்படியே சொல்லுங்கள், மழுப்பாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம், அக்காவோ பக்கத்து வகுப்பு டீச்சரோ, இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

இதுவரை நான் பேசியதெல்லாம் பள்ளியைச் சரி செய்வது பற்றி. உங்களுக்கு அது காத்திருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆசை எல்லாம் போய் அழுகை மட்டும் மிஞ்சினால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது, சிகிச்சையில் குணமாவது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நீங்கள் சொல்வதை மருத்துவர் உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கட்டிப் போட்டிருக்கிறது. மருத்துவ விடுப்பு எடுத்தால் பணிப்பதிவேட்டில் ஏறுவது விடுப்பின் வகையும் தேதியும்தான். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794. அங்கே போய் மருந்து வாங்கிக்கொண்டு மறுவாரம் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். கிண்டல் செய்கிறவர்களுக்குத்தான் அது தெரியாது. குணமானதும் இரண்டு வரி எழுதுங்கள், ஊர் பெயர் வேண்டாம்.

கே: மனைவி ஆசிரியை. வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. நான் என்ன சொல்லித் தேற்றுவது?
திருவண்ணாமலை

ப: எதுவும் சொல்லாதீர்கள். சோறு வடியுங்கள். பாத்திரமும் உங்களுடையதே. ஒரு மாதம் இப்படி நடந்தால் அவராகவே பேசுவார். முதலில் பேசப் போவது வடித்த சோறு குழைந்ததைப் பற்றித்தான், கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: செப்டம்பர் 5, ஆசிரியர் தினம் வருகிறது. எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏதாவது நல்லதாகச் செய்ய நினைக்கிறோம். பேனா, கடிகாரம், சால்வை என்று பேச்சு ஓடுகிறது.
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, விருத்தாசலம் பக்கம்

ப: சால்வை வேண்டாம் அம்மா, எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பீரோ நிறைய இருக்கிறது. அந்தக் காசில் ஆசிரியர் அறைக்கு முதுகு சாய்கிற நாற்காலி நாலு, ஒரு மின்விசிறி வாங்கிப் போடுங்கள். ஊரில் பன்னிரண்டாவதும் டிகிரியும் முடித்து வீட்டில் இருக்கிற பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்து, ஆசிரியர் லீவு எடுக்கிற நாளில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்ட முறை வையுங்கள். தலைமையாசிரியர் சம்மதத்தோடு, அவர் கண் முன்னால். அப்புறம் அந்த ஐந்து முப்பது பஸ். அது ஊருக்குள் வராமல் கூட்டு ரோட்டோடு திரும்பிவிடுவதால் டீச்சர்கள் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸை உள்ளே விடச் சொல்லி டிப்போ மேனேஜருக்கு மனு எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். விழாவில் வாழ்த்துரை வழங்க என்னை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், அன்றைக்கு மூன்று ஊரில் சால்வை இருக்கிறது.